ஜாங்கோ தளத்தில் மக்ஸ் வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் வீடியோவைச் சேர்க்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. மக்ஸ் என்ற வீடியோ சேவையை வைத்துச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஓர் ஆன்லைன் வகுப்புத் தளம்: ஆசிரியர் பாடத்தைப் பதிவேற்றுவார், பணம் கட்டிய மாணவர் பார்ப்பார். கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம், பன்னி ஸ்ட்ரீம் போன்றவற்றிலும் அடிப்படை இதேதான், பெயர்களும் ஹெடர்களும் மாறும்.

ஜாங்கோவில்தான் கோப்பை ஏற்றிச் சேமிக்கும் ஃபைல்ஃபீல்டு இருக்கிறதே, அது போதாதா?

அரை நிமிட அறிமுக வீடியோ ஒன்றிரண்டு என்றால் தாராளமாகப் போதும். எம்பி4 கோப்பாக எஸ்3 என்ற அமேசானின் கோப்புச் சேமிப்பில் போட்டு, பக்கத்தில் ஒரு வீடியோ டேக் வைத்தால் முடிந்தது. அதற்கு எந்தச் சேவையும் வேண்டாம்.

ஒரு மணி நேரப் பாடம் அப்படி இல்லை. ஒரே கோப்பை எல்லோருக்கும் அனுப்பினால், வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு நன்றாக ஓடும், பேருந்தில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும். அதே பாடத்தைப் பல தரங்களில் தயாரித்து, சில வினாடித் துண்டுகளாக வெட்டி, இணைப்பின் வேகத்துக்கு ஏற்ப ப்ளேயர் தரத்தை மாற்றிக்கொள்ளும்படி கொடுக்க வேண்டும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை செய்வது இதைத்தான். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியை வைத்து நாமே செய்யலாம். ஆனால் மாற்றும் வேலை சிபியு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியின் வரிசை நீளும், ஐபோனில் எடுத்த எச்இவிசி, பழைய கேமராவின் ஏவிஐ என்று ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு தனிச் சிக்கல் வரும். வீடியோதான் உங்கள் தொழில் என்றால் இறங்குங்கள். பாடம் நடத்துவது தொழில் என்றால், அந்த உழைப்பு பாடத்துக்குப் போகட்டும்.

யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆகப் போட்டு எம்பெட் செய்தால்?

இலவசப் பாடங்களுக்கு நல்ல வழி. காசு வாங்கும் பாடங்களுக்கு வேண்டாம். இணைப்பு கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம். ஒரு மாணவர் வாட்ஸாப் குழுவில் பகிர்ந்தால் தடுக்க வழி இல்லை.

மக்ஸில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் என்னென்ன?

மூன்று போதும். ‘அப்லோட்’ என்பது பதிவேற்றத்துக்கான ஓர் அனுமதி. அதன் வழியாக வந்து சேர்ந்த வீடியோ ‘அசெட்’. அந்த அசெட்டைப் பார்வையாளருக்குக் காட்டும் முகவரி ‘பிளேபேக் ஐடி’. ஒரு அசெட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிளேபேக் ஐடிகள் இருக்கலாம், வேண்டாத ஐடியை மட்டும் தனியாக நீக்கலாம். இணைப்பு கசிந்துவிட்டது என்றால் வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டாம்: பழைய பிளேபேக் ஐடியை நீக்கிவிட்டுப் புதிது ஒன்று போட்டால் போதும்.

மக்ஸை நிறுவியவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஹெஃபர்னன். வீடியோ.ஜேஎஸ் ப்ளேயரை உருவாக்கியவர் அவர்தான்.

ஆசிரியர் ஏற்றும் கோப்பு ஜாங்கோவுக்கு வந்து, அங்கிருந்து மக்ஸுக்குப் போக வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜாங்கோ வழியாக 1 ஜிபி கோப்பு வந்தால் என்ன நடக்கும்? முதலில், வாசலில் நிற்கும் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ். அதன் இயல்பான வரம்பு 1 எம்பி என்பதால் 413 பிழை வரும். வரம்பை உயர்த்துகிறோம். இப்போது எஞ்சின்எக்ஸ் முழுக் கோப்பையும் வாங்கித் தன் தற்காலிக இடத்தில் வைத்துவிட்டுத்தான் ஜாங்கோவை ஓட்டும் குனிகார்னிடம் தரும். அங்கே ஜாங்கோ, 2.5 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு என்பதால் அதை மறுபடி வட்டில் எழுதும். ஆக ஒரே கோப்பு ஒரே சர்வரில் இரண்டு இடங்களில் கிடக்கும். பிறகு நம் வியூ (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாங்கோ நிரல்) அதை மக்ஸுக்கு அனுப்பத் தொடங்கும். குனிகார்னின் இயல்பான கால வரம்பு 30 வினாடி. அதற்குள் முடியாவிட்டால், சாதாரண சிங்க் வொர்க்கரை (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கையாளும் பிராசஸ்) அது நிறுத்திவிடும். ஆசிரியருக்குத் திரையில் தெரிவது 502. வரம்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் ஒருவர் பாடம் ஏற்றும் நேரமெல்லாம் ஒரு வொர்க்கர் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். நான்கு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஏற்றினால், நான்கு வொர்க்கர் உள்ள தளம் முழுதாக நின்றுவிடும்.

சரியான வழி, மக்ஸில் ‘டைரக்ட் அப்லோட்’ எனப்படுவது. சரக்கு லாரி நேரே கிடங்குக்குப் போகும், அலுவலகம் கேட் பாஸ் மட்டும் எழுதித் தரும். ஜாங்கோதான் அந்த அலுவலகம். ஆசிரியர் கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் பிரவுசர் ஜாங்கோவிடம் அனுமதி கேட்கும். வியூ, இவருக்கு இந்தப் பாடத்தில் வீடியோ ஏற்ற உரிமை உண்டா என்று பார்க்கும்; டேட்டாபேஸில் வீடியோவுக்கு ஒரு வரிசையை உருவாக்கும்; மக்ஸின் ஏபிஐயைக் கூப்பிட்டு அப்லோட் யூஆர்எல் ஒன்றை வாங்கி, பிரவுசருக்குத் திருப்பித் தரும். பிரவுசர் அந்த யூஆர்எல்லுக்கு நேராகக் கோப்பை அனுப்பும். ஜாங்கோ கையாண்டது சில நூறு பைட் ஜேசன் மட்டுமே.

அந்த யூஆர்எல் இயல்பாக 3600 வினாடி, அதாவது ஒரு மணி நேரம் செல்லும். வேண்டுமானால் கூடுதல் நேரம் கேட்டு வாங்கலாம். அனுமதி கேட்கும்போது கார்ஸ் ஆரிஜின் (எந்தத் தளத்திலிருந்து வரும் பிரவுசர் கோரிக்கையை ஏற்கலாம் என்பது) என்ற இடத்தில் உங்கள் தளத்தின் முகவரியைத் துல்லியமாகக் கொடுங்கள். ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ உள்ள முகவரியில் பக்கம் திறந்திருக்க, அது இல்லாத முகவரியைக் கொடுத்திருந்தால் பிரவுசர் கார்ஸ் பிழை காட்டி நின்றுவிடும்.

பாதியில் நெட் போய்விட்டால் முதலிலிருந்து ஏற்ற வேண்டுமா?

கோப்பை ஒரே மூச்சாக அனுப்பினால் ஆம். மக்ஸ் தரும் அப்சங்க் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமோ, அதன்மேல் எழுதப்பட்ட மக்ஸ் அப்லோடரோ பயன்படுத்தினால் வேண்டாம். அவை கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பும், தவறிய துண்டை மட்டும் மறுபடி அனுப்பும். துண்டின் அளவு 256 கேபியின் மடங்காக இருக்க வேண்டும். இணைப்பு நிலையில்லாத இடங்களிலிருந்து ஏற்றுபவர்களுக்குத் துண்டைச் சிறிதாக வையுங்கள்.

மாடலில் என்னென்ன ஃபீல்டுகள் வைக்க வேண்டும்?

நாமே உருவாக்கும் ஒரு யூயூஐடி (வேறெதனோடும் மோதாத தனி அடையாளம்), மக்ஸின் அப்லோட் ஐடி, அசெட் ஐடி, பிளேபேக் ஐடி, நிலை, நீளம், அகல உயர விகிதம், பிழை வந்தால் அதன் செய்தி. ஃபைல்ஃபீல்டு கிடையாது. முழு யூஆர்எல்லையும் சேமிக்காதீர்கள். ஐடி இருந்தால் யூஆர்எல்லை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

நிலை என்ற ஃபீல்டுக்கு மட்டும் கொஞ்சம் யோசனை தேவை. ‘ரெடியா, இல்லையா’ என்று ஒரு பூலியன் வைத்தால் இரண்டே நாளில் போதாமல் போகும். ‘கோப்புக்குக் காத்திருக்கிறது’, ‘தயாராகிறது’, ‘தயார்’, ‘பிழை’, ‘நீக்கப்பட்டது’ என்று ஐந்து நிலைகள் வையுங்கள். ஆசிரியரின் பக்கத்தில் இந்தச் சொற்களையே காட்டலாம். “என் வீடியோ என்ன ஆச்சு?” என்று வரும் போன் அழைப்புகளில் பெரும்பகுதி அதோடு நிற்கும்.

யூயூஐடியை மக்ஸுக்கு அனுப்பும் கோரிக்கையில் ‘பாஸ்த்ரூ’ என்ற இடத்தில் வையுங்கள். அசெட் பற்றி மக்ஸ் அனுப்பும் தகவல்களில் அது அப்படியே திரும்பி வரும். பாடத்தின் தலைப்பையோ கோப்பின் பெயரையோ அதில் போட வேண்டாம். தலைப்பு மாறும், இரண்டு பாடங்களுக்கு ஒரே பெயர் வரலாம், 255 எழுத்து என்ற வரம்பும் இருக்கிறது.

மக்ஸின் டோக்கன்களை எங்கே வைப்பது?

சூழல் மாறிகளில். செட்டிங்ஸ் கோப்பிலோ, கிட்டிலோ, முக்கியமாக டெம்ப்ளேட்டிலோ வேண்டாம். ஏபிஐ ரகசியம் பிரவுசர் பக்கம் போக எந்தக் காரணமும் கிடையாது. சோதனைக்கும் நேரடித் தளத்துக்கும் மக்ஸில் தனித்தனி என்விரான்மென்ட் உருவாக்குங்கள். ஒன்றின் டோக்கனை வைத்து இன்னொன்றின் அசெட்டைத் தேடினால் கிடைக்காது.

பிரவுசரில் 100 சதவீதம் வந்துவிட்டது. உடனே ‘தயார்’ என்று மாற்றிவிடலாமா?

கூடாது. 100 சதவீதம் என்றால் கோப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். மக்ஸ் அதைத் திறந்து பார்த்துத் தயார் செய்ய வேண்டும். கெட்டுப்போன கோப்பு என்றால் அங்கேதான் தெரியும். தவிர, பிரவுசர் சொல்வதை நம்பி டேட்டாபேஸை மாற்றுவது நல்ல பழக்கமும் அல்ல: ஆசிரியர் டேபை மூடிவிட்டால் செய்தி வராது, யாராவது வேண்டுமென்றே பொய்ச் செய்தி அனுப்பவும் கூடும்.

நம்ப வேண்டியது வெப்ஹூக்கை. அசெட் உருவானதும், தயாரானதும், பிழையானதும் மக்ஸ் நம் தளத்தின் ஒரு முகவரிக்குத் தகவல் அனுப்பும். தயாரானது என்ற தகவலில் பிளேபேக் ஐடி, நீளம், விகிதம் எல்லாம் இருக்கும். நிலை ஃபீல்டை ‘தயார்’ ஆக்கும் உரிமை பிரவுசருக்கு இல்லாமல், மக்ஸிடமிருந்து நேரே வரும் தகவலுக்கு மட்டும் இருக்கட்டும்.

வெப்ஹூக் வைத்தாயிற்று. ஆனால் நிலை மாறவே இல்லையே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மக்ஸின் டாஷ்போர்டில் அந்த வெப்ஹூக்குக்கு உங்கள் சர்வர் என்ன பதில் சொன்னது என்று முதலில் பாருங்கள். அந்த எண்ணே பாதி விடை.

403 என்றால் சிஎஸ்ஆர்எஃப், அதாவது வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் பாதுகாப்பு. மக்ஸிடம் ஜாங்கோவின் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் இருக்காது. அந்த ஒரு வியூவுக்கு மட்டும் விலக்கு தரும் டெக்கரேட்டரைப் போடுங்கள். மிடில்வேரையே எடுத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று போகாதீர்கள், தளம் முழுக்கத் திறந்துகிடக்கும்.

301 என்றால் கடைசி சாய்கோடு. யூஆர்எல் பட்டியலில் சாய்கோட்டோடு எழுதிவிட்டு, மக்ஸில் சாய்கோடு இல்லாமல் கொடுத்திருப்பீர்கள். ஜாங்கோ சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும், உள்ளே இருந்த தகவல் வழியில் தொலையும்.

302 என்றால் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஜாங்கோ 5.1-இல் வந்த, எல்லாப் பக்கத்துக்கும் உள்நுழைவைக் கட்டாயமாக்கும் மிடில்வேரைப் போட்டிருந்தால் வெப்ஹூக் வியூவுக்கு அதிலிருந்து விலக்கு தர வேண்டும்.

400 என்றால், உங்கள் கணினியில் என்கிராக் (கணினிக்கு வெளியுலகிலிருந்து ஒரு முகவரி தரும் கருவி) வழியாகச் சோதிக்கும்போது அந்த முகவரியை ஜாங்கோ ஏற்கும் முகவரிப் பட்டியலான அலவ்டு ஹோஸ்ட்ஸில் சேர்க்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கையொப்பச் சரிபார்ப்பில் (அடுத்த பதிலில் வருகிறது) நாமே நிராகரிப்பது.

வெப்ஹூக்கோடு வரும் கையொப்பத்தைச் சரிபார்க்கத்தான் வேண்டுமா? எப்படி?

கட்டாயம். இல்லாவிட்டால் அந்த முகவரி தெரிந்த எவரும் எந்த வீடியோவையும் ‘தயார்’ என்றோ ‘பிழை’ என்றோ மாற்றலாம்.

மக்ஸ் ஒவ்வொரு தகவலோடும் ‘மக்ஸ் சிக்னேச்சர்’ என்ற ஹெடரை அனுப்பும். அதில் நேர முத்திரையும் கையொப்பமும் இருக்கும். நேர முத்திரை, ஒரு புள்ளி, அதன்பின் வந்த தகவலின் மூல பைட்டுகள் ஆகியவற்றை ஒட்டி, அந்த வெப்ஹூக்குக்கான ரகசியத்தை வைத்து எச்மேக் ஷா-256 முறையில் கையொப்பத்தை நாமும் கணக்கிட வேண்டும். அதையும் ஹெடரில் வந்ததையும் சமக்குறி போட்டு ஒப்பிடாமல், பைத்தானின் எச்மேக் தொகுதியில் உள்ள பாதுகாப்பான ஒப்பீட்டுச் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள். நேர முத்திரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் நிராகரியுங்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான்.

‘மூல பைட்டுகள்’ என்ற இடத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஜேசனைப் பிரித்து டிக்ஷனரியாக்கி, அதை மறுபடி ஜேசனாக்கிக் கணக்கிட்டால் இடைவெளிகள் மாறியிருக்கும், கையொப்பம் ஒருபோதும் பொருந்தாது. ரிக்வெஸ்டின் பாடியை அப்படியே எடுக்க வேண்டும். ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் இன்னொரு சிக்கல்: ரிக்வெஸ்டின் டேட்டாவை முதலில் தொட்டுவிட்டு, பிறகு பாடியைக் கேட்டால் ‘ஏற்கெனவே படித்தாயிற்று’ என்ற பிழை வரும். பாடியை முதலில் எடுங்கள். இந்த ஒரு வியூவைச் சாதாரண ஜாங்கோ வியூவாகவே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

ஒரே தகவல் இருமுறை வருகிறது, வரிசை மாறியும் வருகிறது. பிழையா?

இல்லை, அப்படித்தான் வரும் என்று எண்ணியே எழுத வேண்டும். ஐந்து வினாடிக்குள் ‘சரி’ என்று பொருள்படும் 200 வகைப் பதில் கிடைக்காவிட்டால் மக்ஸ் மறுபடி அனுப்பும். 24 மணி நேரம்வரை இடைவெளி விட்டு முயலும். உங்கள் வியூ வேலையை முடித்துவிட்டுப் பதில் சொல்லத் தாமதித்தால், முடிந்த வேலைக்கே இரண்டாம் தகவல் வரும். ஆகவே வியூவில் கையொப்பம் பார்த்து, நிலையை மாற்றி, உடனே 200 சொல்லிவிடுங்கள். மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றைச் செலரிக்குத் தள்ளுங்கள், அதுவும் டிரான்சாக்ஷன் கமிட் ஆன பிறகு.

நிலை முன்னோக்கி மட்டும் நகரட்டும். ‘தயார்’ என்று ஆன டேட்டாபேஸ் வரிசைக்கு ‘உருவானது’ என்ற பழைய தகவல் தாமதமாக வந்தால் அதை ஒதுக்க வேண்டும். வரிசையைப் பூட்டிவிட்டுப் படிக்கும் செலக்ட் ஃபார் அப்டேட் இங்கே கைகொடுக்கும்.

நம் சர்வர் நாள் முழுக்கப் படுத்திருந்தால் தகவல் தவறியே போகலாம். அதற்கு ஒரு மேனேஜ்மென்ட் கமாண்ட் எழுதி குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் போடுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் ‘காத்திருக்கிறது’ அல்லது ‘தயாராகிறது’ என்று நிற்கும் வரிசைகளை எடுத்து, மக்ஸின் ஏபிஐயிடம் நேரே கேட்டுச் சரிசெய்யும் கமாண்ட். சிறிய நிரல்தான். இதுவரை எழுதவில்லை என்றால் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

பணம் கட்டியவர் மட்டும் பார்க்கும்படி செய்வது எப்படி?

அசெட் உருவாகும்போது பிளேபேக் பாலிசியை ‘பப்ளிக்’ என்று வைக்காமல் ‘சைன்டு’ என்று வையுங்கள். பிறகு பிளேபேக் ஐடி மட்டும் தெரிந்தால் வீடியோ ஓடாது, ஒரு ஜேடபிள்யூடி டோக்கனும் (காலாவதி நேரம் உள்ள, கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு) வேண்டும். மக்ஸில் சைனிங் கீ ஒன்றை உருவாக்கினால் அதன் தனிச் சாவி ஒரே ஒருமுறை காட்டப்படும். அது பேஸ்64 வடிவில் வரும். அப்படியே சூழல் மாறியில் வைத்து, பைத்தானில் பிரித்துக்கொள்ளுங்கள். பாட வியூவில் மாணவரின் சந்தாவைப் பார்த்த பிறகு, ஆர்எஸ்256 முறையில் டோக்கனைக் கையொப்பமிட்டு டெம்ப்ளேட்டுக்குக் கொடுங்கள். இதற்கு மக்ஸின் ஏபிஐயைக் கூப்பிட வேண்டியதில்லை, எல்லாம் நம் சர்வரிலேயே நடக்கும்.

டோக்கனின் ஆயுளில் கவனம் தேவை. பாதுகாப்பு என்று எண்ணி ஐந்து நிமிடம் வைத்தால், ஒரு மணி நேரப் பாடம் நடுவில் நின்றுவிடும். ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்காக காலாவதியான டோக்கன் செல்லாது. மாணவர் நிறுத்திக் குறிப்பெடுப்பார், டீ குடிக்கப் போவார், திரும்பி வருவார். வீடியோவின் நீளத்தோடு சில மணி நேரம் கூட்டி வையுங்கள்.

முகப்புப் படத்துக்கும் தனி டோக்கன் வேண்டும். டோக்கனின் ‘ஆடியன்ஸ்’ என்ற இடத்தில் வீடியோவுக்கு ‘வி’, படத்துக்கு ‘டி’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து வரும். படம் எந்த வினாடியில் எடுக்கப்பட வேண்டும், எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் யூஆர்எல்லின் வாலில் ஒட்டாமல் டோக்கனுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை ஜாங்கோவின் கேஷில் வைக்காதீர்கள். ஒருவருடைய டோக்கன் இன்னொருவருக்குப் போகும், காலாவதியான டோக்கனும் போகும். “சிலருக்கு மட்டும் வீடியோ ஓடவில்லை” என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இவ்வளவு செய்தாலும் திரையைப் பதிவு செய்பவரைத் தடுக்க முடியாது. அதற்கு டிஆர்எம் என்ற தனி ஏற்பாடு வேண்டும். பெரும்பாலான வகுப்புத் தளங்களுக்குக் கையொப்ப டோக்கனே போதுமானது என்பது என் கருத்து.

எந்த ப்ளேயர்?

மக்ஸ் ப்ளேயர் ஒரு வெப் காம்பொனென்ட். டெம்ப்ளேட்டில் ஒரு டேக், அதில் பிளேபேக் ஐடி, டோக்கன், அவ்வளவுதான். ரியாக்ட் தேவையில்லை. வெப்ஹூக்கில் வந்த விகிதத்தை சிஎஸ்எஸ்ஸில் கொடுத்துவிட்டால் ப்ளேயர் வருவதற்குள் பக்கம் மேலும் கீழும் குதிக்காது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 9:16 வீடியோவும் சரியாக அமரும். தளத்தில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எங்கிருந்து எதை ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) வைத்திருந்தால், மக்ஸின் முகவரிகளோடு மீடியாவுக்கும் வொர்க்கருக்கும் ‘ப்ளாப்’ வகையையும் அனுமதியுங்கள். இல்லாவிட்டால் கருப்புத் திரை மட்டும் தெரியும், காரணம் பிரவுசரின் கன்சோலில் ஒளிந்திருக்கும்.

தமிழ் வசன வரிகள் சேர்க்க முடியுமா?

முடியும். எஸ்ஆர்டி அல்லது வெப்விடிடி கோப்பை அசெட்டில் ஒரு டிராக்காகச் சேர்த்து, மொழிக் குறியீட்டைத் தமிழுக்குரியதாகவும், பெயரைத் ‘தமிழ்’ என்றும் கொடுங்கள். ப்ளேயரின் பட்டியலில் அந்தப் பெயர்தான் தெரியும். கோப்பு யூடிஎஃப்-8 குறிமுறையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வசனக் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஏற்றினால் திரையில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் ஓடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

செலவில்லாமல் சோதிப்பது எப்படி?

அசெட் உருவாக்கும்போது ‘டெஸ்ட்’ என்று குறித்தால் கட்டணம் கிடையாது. அந்த வீடியோ 10 வினாடிக்கு வெட்டப்படும், மேலே மக்ஸின் முத்திரை இருக்கும், 24 மணி நேரத்தில் நீக்கப்படும். யூனிட் டெஸ்ட்களில் அதுவும் வேண்டாம்: உண்மையான வெப்ஹூக் ஜேசன் சிலவற்றைச் சேமித்து, சோதனை ரகசியத்தால் கையொப்பமிட்டு, உங்கள் வியூவுக்கே அனுப்புங்கள். இருமுறை அனுப்பியும், வரிசை மாற்றி அனுப்பியும் பாருங்கள்.

அட்மினில் நூறு வீடியோக்களை அழித்தும் பில் குறையவில்லையே?

அழிந்தது டேட்டாபேஸ் வரிசைதான். அசெட்டுகள் மக்ஸில் பத்திரமாக இருக்கின்றன. சேமிப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். மாடலின் டெலீட் மெத்தடில் மக்ஸை அழைக்கும் நிரலை எழுதினாலும் போதாது. அட்மினில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது ஜாங்கோ அந்த மெத்தடைக் கூப்பிடாது. போஸ்ட் டெலீட் சிக்னல் அப்போதும் வரும், அதில் எழுதுங்கள். இன்னும் பாதுகாப்பான வழி: வரிசையை அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு, சில நாள் கழித்து அசெட்டை அழிப்பது. மக்ஸில் அழித்த அசெட் திரும்பி வராது.

எஸ்3-இல் ஏற்கெனவே கிடக்கும் பழைய வீடியோக்களை எப்படிக் கொண்டுபோவது?

இறக்கி ஏற்ற வேண்டாம். மக்ஸிடம் ஒரு யூஆர்எல்லைக் கொடுத்தால் அதுவே வந்து எடுத்துக்கொள்ளும். பக்கெட் மூடியிருந்தால், சில மணி நேரம் செல்லும் முன்கையொப்ப யூஆர்எல்லைக் கொடுங்கள். ஒரு மேனேஜ்மென்ட் கமாண்டில் ஒவ்வொரு வரிசைக்கும் பாஸ்த்ரூவோடு அசெட் உருவாக்கச் சொல்லிவிட்டு, இடையிடையே சற்று நிறுத்துங்கள்; கோரிக்கைகளை அடுக்கடுக்காக அனுப்பினால் ‘கோரிக்கைகள் அதிகம்’ என்ற 429 பிழை வரும். வெப்ஹூக் ஏற்கெனவே தயாராக இருப்பதால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டில், பிளேபேக் ஐடி இருந்தால் மக்ஸ் ப்ளேயர், இல்லாவிட்டால் பழைய வீடியோ டேக் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். கடைசி வரிசையும் ‘தயார்’ ஆகி, மாணவர்கள் சில வாரம் பார்த்து, புகார் எதுவும் வராத பிறகு ஃபைல்ஃபீல்டை நீக்கும் மைக்ரேஷனை எழுதுங்கள். எஸ்3-இல் உள்ள மூலக் கோப்புகளை மட்டும் மலிவான சேமிப்பு வகைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறு சேவைக்கு மாற வேண்டி வந்தால் அவைதான் உதவும்.